இரண்டு அரிசி டின்கள்

சரித்திரம் என்றவுடன் நமக்கு அரசர்களும் போர்க்களங்களும் நினைவுக்கு வருகின்றன. அரிசிப் பானைக்கும் கீரைக் கட்டுக்கும் சரித்திரம் உண்டு என்று யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. ஆனால் நம்முடைய பாட்டன் பாட்டிமாரில் யார் பிழைத்தார்கள், யார் மாண்டார்கள் என்பதைப் பல வேளைகளில் அந்தப் பானையே முடிவு செய்தது. அந்தச் சரித்திரத்தைத்தான் இன்று பேசப் போகிறோம்.

மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் 'வசந்த காலக் காய்கறிகள்' என்று தனியாக ஒரு பகுதி இருக்கும். பனி உருகி, மண் இளகி, முதல் தளிர் வரும்வரை அங்கே காத்திருக்க வேண்டும். நமக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. நம் லயத்து ஓரங்களில் வருடம் முழுவதும் கீரை முளைக்கிறது. எளிதாகக் கிடைப்பதாலோ என்னவோ, அதை நாம் மதிப்பதில்லை. விருந்தாளி வந்தால் கீரைச் சட்டியை ஒளித்து வைக்கும் வீடுகளும் நம்மிடையே உண்டு.

சென்ற பள்ளி விடுமுறையில் ஜோகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்குப் போயிருந்தோம். அங்கே குவீன்ஸ்டவுன் அடுக்குமாடி வீட்டில் எங்கள் பெரியம்மா இருக்கிறார். எண்பதைத் தாண்டியவர், ஜோகூர் ரப்பர்த் தோட்டம் ஒன்றில் பிறந்தவர். பெரியப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. அதனால்தான் குடும்பம் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. பெரியம்மாவின் அடுப்பங்கரையில் இரண்டு அரிசி டின்கள் இருந்தன. ஒன்றில் பேரப்பிள்ளைகளுக்கு மல்லிகைப் பூப்போன்ற வெள்ளை அரிசி. மற்றொன்றில் தேக்கா சந்தைப் பக்கம் போய் வாங்கி வந்த புழுங்கல் அரிசி. ஏன் இரண்டு என்று கேட்டோம்.

"அது பிள்ளைங்களுக்கு, இது எனக்கு. எங்க ஆத்தா இதத்தான் தின்னு வளத்தாங்க தம்பி. காரணமெல்லாம் எனக்குத் தெரியாது" என்றார்.

காரணம் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க மருத்துவ உலகத்திற்கு வெகு காலம் பிடித்தது.

சுமார் 120 ஆண்டுகளுக்கு முன், மலாயாவிலும் சிங்கப்பூரிலும் 'பெரிபெரி' என்றொரு நோய் மனிதர்களை வாரிக்கொண்டு போயிற்று. முதலில் பாதம் மரத்துப் போகும். பிறகு கால் வீங்கும், நடை தள்ளாடும், கடைசியில் இதயம் நின்றுவிடும். ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர்களே இதற்கு அதிகம் பலியானார்கள். தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களிடம் இந்த நோய் அரிதாகவே காணப்பட்டது. ஒரே நாடு, ஒரே வெயில், ஒரே மழை. பின் ஏன் இந்த வேறுபாடு?

பிராடன் என்ற மருத்துவர் இதைக் கூர்ந்து கவனித்தார். சீனத் தொழிலாளர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, நன்றாகத் தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. வேறுபாடு அரிசியில்தான் இருக்க வேண்டும் என்று 1907ல் ஒரு நூலே எழுதினார். பழைய பச்சரிசியில் ஏதோ நஞ்சு சேர்கிறது என்பது அவர் எண்ணம். அந்த எண்ணம் தவறு; ஆனால் அவர் சுட்டிய பானை சரியான பானை.

அதற்கிடையில் கோலாலம்பூர் மனநோயாளர் விடுதியில் பெரிபெரி புகுந்தது. அங்கிருந்த மருத்துவர் பிளெட்சர் ஒரு சோதனை செய்தார். 1905 டிசம்பர் 5ஆம் நாள் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணினார்கள். ஒற்றைப்படை எண் வந்தவர்கள் ஒரு கட்டடத்திற்கு. அவர்களுக்குச் சயாம் பச்சரிசி. இரட்டைப்படை எண் வந்தவர்கள் எதிர்க்கட்டடத்திற்கு. அவர்களுக்கு இந்தியப் புழுங்கல் அரிசி. மற்ற உணவெல்லாம் இரு பக்கமும் ஒன்றே. கட்டடத்தில்தான் குற்றமோ என்ற ஐயம் தீர, பாதி ஆண்டில் இரு கூட்டத்தாரையும் இடம் மாற்றியும் பார்த்தார்கள்.

பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேருக்குப் பெரிபெரி வந்தது. 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் இருந்தது. அந்த இருவரும் சோதனை தொடங்கிய நாளிலேயே நோயோடு இருந்தவர்கள். புழுங்கல் அரிசி உண்டவர்களில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை.

நேயர்களே, இந்தக் கணக்கைப் படித்தபோது எங்களுக்கு மகிழ்ச்சியை விட வருத்தமே மிகுந்தது. எந்தப் பக்கம் நிற்க விருப்பம் என்று அந்த மனிதர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஒற்றை எண்ணா, இரட்டை எண்ணா என்பதே உயிருக்கு விலையாயிற்று. நமக்குக் கிடைத்த இந்த அறிவு இலவசமாக வந்ததன்று.

அடுத்த சில ஆண்டுகளில் கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர், நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளர்களிடையே இதே உண்மையைக் கண்டார்கள். அரிசியில் நஞ்சு இல்லை. தீட்டும்போது தவிட்டோடு ஏதோ ஒரு சத்து போய்விடுகிறது என்று காட்டினார்கள். அந்தச் சத்துக்குப் பிறகு வைட்டமின் பி1 என்று பெயர் வந்தது. 1936ல் அதை ஆய்வுக்கூடத்தில் செய்து காட்டிய ராபர்ட் வில்லியம்ஸ் என்ற அமெரிக்கர், நம் தமிழ்நாட்டுக்குப் பக்கத்திலுள்ள நெல்லூரில் பிறந்தவர்.

புழுங்கல் அரிசியில் மட்டும் அந்தச் சத்து எப்படித் தங்கியது? நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டில் இருக்கும் சத்து நீரில் கரைந்து அரிசியின் உட்பக்கத்துக்கு இறங்குகிறது. பிறகு குத்தினாலும் தீட்டினாலும் அதில் ஒரு பங்கு உள்ளேயே நின்றுவிடுகிறது. நம் முன்னோர் வைட்டமின் தெரிந்து நெல் அவிக்கவில்லை. அவித்த நெல் குத்தும்போது நொறுங்காது என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தப் பழக்கமே காவலாக அமைந்தது.

இதைச் சொல்லி நாம் மார்தட்டவும் கூடாது. அதே தோட்டங்களில் மலேரியாவும், கொக்கிப்புழுவும், வயிற்றோட்டமும் நம்மவர்களை ஆயிரக்கணக்கில் கொன்றன. ஒரு நோயிலிருந்து தப்பினோம், அவ்வளவுதான்.

பிறகு ஜப்பானியர் காலம் வந்தது. 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வந்த அரிசி அருகியது. கிடைத்த பங்கீட்டு அரிசி போதவில்லை. வீட்டு முற்றம், விளையாட்டுத் திடல், சாலை ஓரம் எங்கும் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். மரவள்ளி வயிற்றை நிரப்பும். ஆனால் அதில் பருப்பின் சத்தும் இல்லை, பி1 சத்தும் மிகக் குறைவு. மறைந்திருந்த பெரிபெரி மீண்டும் தலைதூக்கியது. பெரியம்மாவின் தாயார் அந்த நாட்களைப் பற்றி ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வாராம்: "கெழங்கு வயித்த அடைச்சிச்சு, வள்ளி எலதான் உசிரப் புடிச்சிச்சு." சர்க்கரைவள்ளிக் கொழுந்தையும், காட்டோரக் கீரையையும் பறித்து வேகவைத்துப் பிள்ளைகளுக்கு ஊட்டினாராம்.

போர் முடிந்தும் பஞ்சம் தீரவில்லை. 1946ல் சிங்கப்பூர் அரசாங்கம் மக்கள் உணவகங்களைத் திறந்து 35 காசுக்குச் சாப்பாடு போட்டது. அதைவிட ஏழைகளுக்கு 8 காசில் உணவு தரும் இடங்களும் ஏற்பட்டன. பிள்ளைகளுக்குத் தனியே உணவு நிலையங்கள் பின்னர் வந்தன.

இனி குவீன்ஸ்டவுனுக்குத் திரும்புவோம். இன்று அடுக்குமாடிகள் நிற்கும் அந்தப் பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் சதுப்பு நிலம். அங்கே ஒரு சீனக் கிராமம் இருந்தது. 'போ பே காங்', அதாவது வாலில்லாத ஆறு, என்பது அதன் பெயர். அந்தக் கிராமத்தார் காய்கறி பயிரிட்டும், பன்றி கோழி வளர்த்தும் வாழ்ந்தார்கள். 1932ல் அப்பக்கமாக ரயில் பாதை வந்தது. அதே ஆண்டு நம் ரயில்வேத் தொழிலாளர்களும் அக்கம்பக்கத்தாரும் குவீன்ஸ்வே அருகே ஒரு குடில் போட்டு முனீஸ்வரனை வணங்கத் தொடங்கினார்கள். அந்தக் கோயில்தான் பிற்காலத்தில் இடம் மாறி, இன்று காமன்வெல்த் டிரைவில் பெரிய ஆலயமாக நிற்கிறது. அந்தப் பாதையில் ஓடிய ரயில் 2011ல் நின்றுபோயிற்று.

1953ல், எலிசபெத் அரசியார் முடிசூடிய ஆண்டில், அந்த நிலத்தில் எழத் தொடங்கிய புது நகருக்கு அரசியின் நினைவாகப் பெயரிட்டார்கள். 1960ல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் முதல் கட்டடங்களை அங்கே ஸ்டெர்லிங் ரோட்டில் கட்டி முடித்தது. குழாய்த் தண்ணீர், மின்விளக்கு, தனிக் கழிவறை எல்லாம் வந்தன. குடிசையில் வாழ்ந்தவருக்கு அது பெரும் பேறு. அதில் ஐயமில்லை. ஆனால் கொல்லைப்புறம் போயிற்று. பறித்த கீரை, வாங்கும் கீரையாயிற்று. இன்று சிங்கப்பூர் தன் உணவில் 100க்கு 90 பங்குக்கு மேல் வெளியிலிருந்து வாங்குகிறது. அங்குள்ள சந்தைக் கீரையில் நம் ஜோகூரிலும் கேமரன் மலையிலும் விளைந்ததும் உண்டு.

மேசை மீது உணவும் மாறியது. சோறு வெளுத்தது, கீரை குறைந்தது, கெட்டிப் பாலும் சர்க்கரையும் கூடின. பால் வெட்டியும், தண்டவாளம் சுமந்தும் உழைத்த உடம்பு நாற்காலியில் உட்கார்ந்தது. 2010ல் சிங்கப்பூரில் எடுத்த கணக்குப்படி, பெரியவர்களில் 100க்கு 11 பேருக்கு நீரிழிவு. இந்தியரில் மட்டும் 100க்கு 17 பேருக்கு. 2016ல் அந்த அரசாங்கம் நீரிழிவின் மீது போர் என்றே அறிவித்தது. எங்கள் பெரியப்பாவுக்கு அந்த நோயால் ஒரு கால் போயிற்று. பெரிபெரியும் முதலில் பாதத்தைத்தான் மரக்கச் செய்தது என்பதை நாங்கள் அப்போது நினைத்துக்கொண்டோம்.

அன்று பற்றாக்குறை கொன்றது. இன்று மிகுதி கொல்கிறது. ஆகவே புழுங்கல் அரிசி என்றால் எவ்வளவும் உண்ணலாம் என்று எண்ணிவிடக் கூடாது. பாட்டன் உண்ட குவியல் சோறு, பாட்டனின் உழைப்புக்கு உரியது. அவர் உண்ட வகையை நாம் வைத்துக்கொள்வோம், அளவைக் குறைத்துக்கொள்வோம். நம் சுகாதார அமைச்சு 'சுக்கு சுக்கு செபாரோ' என்று சொல்கிறதே, அதன் பொருள் இதுதான்: தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, மீதிப் பாதி காய்கறியும் பழமும்.

தாய்மார்களே, இதைச் சமைக்கும் முறையிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். பி1 சத்து நீரில் கரைவது. எனவே அரிசியை ஐந்தாறு முறை அலசாதீர்கள். ஓரிரு முறை போதும். கஞ்சியை வடித்தால் சாக்கடையில் ஊற்றாதீர்கள். உப்பிட்டுக் குடிக்கலாம், குழம்பில் சேர்க்கலாம். கீரையை முழுதாகக் கழுவிய பிறகே நறுக்க வேண்டும். பசுமை மாறாதிருக்க ஆப்பச் சோடா போடுகிறோமே, அது சத்தைக் கெடுக்கும். மரவள்ளி இலையில் நஞ்சு உண்டு; அதை நன்றாக வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட வேண்டும்.

பெரியம்மா அன்று எங்களுக்குச் செய்து போட்ட கீரைக் கடைசலைச் சொல்கிறோம். அரைக் கோப்பைப் பாசிப்பருப்பை மஞ்சள் சேர்த்துக் குழைய வேகவைத்தார். நான்கு சின்ன வெங்காயம், இரண்டு பல் பூண்டு, ஒரு பச்சை மிளகாய் போட்டார். பிறகு ஒரு கட்டுத் தண்டுக்கீரையை நறுக்கிச் சேர்த்து, ஐந்து நிமிடத்தில் இறக்கிக் கடைந்தார். ஒரு கரண்டி எண்ணெயில் கடுகு, சீரகம் தாளித்துக் கொட்டினார். கடைசியில் அரை எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். அந்தப் புளிப்பு, கீரையிலுள்ள இரும்புச் சத்தை உடம்பு ஏற்க உதவும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் அதே இரும்புச் சத்து வீணாகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். சோகையால் வாடும் கர்ப்பிணிப் பெண்கள் இதை மறக்கவே கூடாது.

அந்த வீட்டு வாசல் நடையில் நான்கு தொட்டிகள் இருந்தன. கறிவேப்பிலை, பொன்னாங்கண்ணி, புதினா, ஒரு சிறு முருங்கைக் கன்று. கொல்லைப்புறம் இல்லாத ஏழாவது மாடியில் பெரியம்மா நான்கு தொட்டி வைத்திருக்கிறார். லயத்துக்குப் பின்னால் மண் இருக்கும் நாம் ஒரு பாத்தியாவது போட வேண்டாமா?

இந்த வாரம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறோம். வீட்டிலோ பக்கத்து லயத்திலோ உள்ள வயதானவரிடம் போய், "ஜப்பான்காரன் காலத்தில் நம் வீட்டில் என்ன சாப்பிட்டார்களாம்?" என்று கேட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். அந்தக் காலத்தை நேரில் கண்டவர்கள் இன்று மிகச் சிலரே. அவர்கள் தம் தாயிடம் கேட்டதையாவது நாம் கேட்டு வைப்போம்.