அரண்மனைக் கூரையில் ஒரு சாளரம்

வீடு கட்டுகிறவன் கூரையிடம் இரண்டு வரங்களைக் கேட்கிறான். மழையும் வெயிலும் உள்ளே வரலாகாது என்பது ஒன்று. வெளிச்சம் மட்டும் வரவேண்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டவை. கூரையில் திறப்பு இல்லையெனில் வீடு இருண்டுவிடும். திறப்பு வைத்தாலோ மழை வழி கண்டுபிடித்துவிடும். நம் நாட்டு ஓட்டு வீடுகளில் அடுக்களைக்கு மேலே ஓர் ஓட்டை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் கண்ணாடி ஓடு ஒன்றைப் பொருத்துவது வழக்கம். மிகச் சிறிய வேலைதான். ஆனால் இந்தச் சிறிய வேலையைப் பெரிய அளவிலே செய்ய முற்பட்டபோது, ஐரோப்பாவின் புகழ்பெற்ற அரண்மனை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாதம் நடந்தது. ஓர் அரச வமிசம் வீழ்ந்து, ஒரு குடியரசு தோன்றி மறைந்து, ஒரு பேரரசு எழுந்த பிறகே அந்த வாதத்திற்கு ஒருவாறு முடிவு கிட்டியது. அந்த அரண்மனை, பாரிஸ் நகரிலுள்ள லூவர்.

லூவர் முதன்முதலில் ஒரு கோட்டையாகப் பன்னிரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்தது. பின்னர் அது அரசர்களின் இருப்பிடமாயிற்று. நான்காம் ஹென்றி என்னும் அரசர், லூவரையும் சற்றுத் தொலைவில் இருந்த துய்லெரி அரண்மனையையும் இணைப்பதற்காக, சேன் நதியின் கரையோரமாக 1595 முதல் 1610 வரை ஒரு நெடுங்கூடத்தை எழுப்பினார். அதன் நீளம் ஏறக்குறைய 450 மீட்டர். மழையில் நனையாமல் அரசர் ஓர் அரண்மனையிலிருந்து மற்றோர் அரண்மனைக்கு நடந்து செல்லலாம். அந்த நோக்கத்திற்கு இருபுறமும் சாளரங்களும் மேலே மூடிய கூரையும் போதுமானவையே. கூடத்தின் கீழ்த்தளங்களில் ஓவியர், சிற்பிகள், பொற்கொல்லர் முதலிய கலைஞர்கள் குடியிருக்க 1608இல் அவர் இடமளித்தார். அவர்கள் அங்கேயே சமைத்தார்கள். குளிர்காலத்தில் அங்கேயே நெருப்பு மூட்டினார்கள். இச்செய்தியை நேயர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். பின்னால் இது பயன்படும்.

பதினான்காம் லூயி 1682இல் அரசவையை வெர்சாய் நகருக்கு மாற்றிக்கொண்டார். லூவர் கவனிப்பாரற்றுப் போயிற்று. நெடுங்கூடமோ, பிரெஞ்சுக் கோட்டைகளின் சிறு மாதிரி உருவங்களை அடுக்கி வைக்கும் களஞ்சியமாயிற்று. அதே காலத்தில் அரசரிடம் இருந்த விலைமதிப்பற்ற ஓவியங்கள் பல, மக்கள் கண்ணிற் படாமலே அரண்மனை அறைகளில் கிடந்தன. 1750இல் அவற்றுள் ஒரு பகுதி மட்டும் லக்சம்பர்க் அரண்மனையில் வைக்கப்பட்டு, வாரத்தில் இரண்டு நாட்கள் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது. 1779இல் அவ்வரண்மனை அரசரின் தம்பிக்கு உரியதாகிவிடவே, அந்த வாயிலும் அடைபட்டது.

1774இல் அரசுக் கட்டடங்களின் தலைமை அதிகாரியாக தாஞ்சிவில்லே பிரபு நியமிக்கப்பெற்றார். லூவரின் நெடுங்கூடத்தை ஓவியச் சாலையாக மாற்றவேண்டும் என்பது அவருடைய பேரவா. கோட்டை மாதிரிகள் 1777இல் வேறிடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. கூடம் காலியாயிற்று. அப்போதுதான் உண்மையான இடர் தென்பட்டது. கூடம் இருந்தது, ஓவியம் இருந்தது, ஓவியத்தைப் பார்ப்பதற்கேற்ற ஒளி இல்லை!

இருபுறமும் சாளரங்கள் உள்ள கூடத்தில் ஒளிக்கு என்ன குறை என்று மாணவர்கள் கேட்கக்கூடும். ஒளியின் இயல்பை எண்ணிப் பார்த்தால் விடை கிடைக்கும். எண்ணெய் வண்ண ஓவியத்தின் மீது பளபளப்பான மெருகு பூசப்பட்டிருக்கும். அது ஓரளவு கண்ணாடி போன்றது. எதிர்ச் சுவரிலுள்ள சாளரத்தின் ஒளி அதன்மேற் பட்டுப் பார்ப்பவர் கண்ணிலேயே தெறிக்கும். ஓவியம் மறைந்து வெறும் மினுமினுப்பே தெரியும். இரு சாளரங்களுக்கு இடையேயுள்ள சுவரில் மாட்டிய படத்தின் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. பக்கத்துச் சாளரங்களின் வெளிச்சம் கண்ணைக் கூச, படம் நிழலில் மூழ்கிவிடும். ஒளி கூரையிலிருந்து சரிந்து வீழுமானால், சுவரில் பட்டுத் தெறிப்பதன் பெரும்பகுதி தரையை நோக்கிச் செல்லும், கண்ணைத் தாக்காது. அன்றியும், சாளரங்களை அடைத்துவிட்டால் சுவர் முழுவதையும் படங்களுக்கே ஒதுக்கலாம். ஆகவே பழைய கூரையைத் திறந்து, அதிலே கண்ணாடி பதிக்கவேண்டும் என்ற கருத்து எழுந்தது.

இதைப்பற்றி ஆராய 1778இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. எல்லாரும் ஒரு மனத்தினராக இருக்கவில்லை. கூரையைத் திறந்தால் மழை ஒழுகாதா? பழைய சுவர்கள் புதிய பாரத்தைத் தாங்குமா? வெளியிலிருந்து பார்க்கும்போது அரண்மனையின் அழகு கெடாதா? பணத்திற்கு எங்கே போவது? இவற்றினும் பெரிய கேள்வி தீயைப் பற்றியது. மரத்தாலான கூரை மேலே. கலைஞர்களின் அடுப்புகள் கீழே. நடுவிலே நாட்டின் ஓவியச் செல்வம். ஒரு பொறி போதும், எல்லாம் சாம்பலாக! எனவே மரத்துக்கு மாறாகச் செங்கல்லும் இரும்பும் கொண்டு கூரை அமைக்கும் யோசனைகளும் ஆராயப்பட்டன. ஆண்டுகள் கழிந்தன, கருவூலம் வறண்டது.

இறுதியில் ஒரு சோதனை செய்து பார்த்தார்கள். நெடுங்கூடத்தின் முனையில் 'சதுர மண்டபம்' என்னும் பெரிய அறை ஒன்று உண்டு. கலைக்கழகத்தின் ஓவியக் கண்காட்சிகள் அங்கே நடந்தமையால்தான், அத்தகைய கண்காட்சிகளுக்கே 'சலோன்' என்று பெயர் வழங்கலாயிற்று. கியோமோ என்னும் கட்டடக் கலைஞர் 1789இல் அந்த மண்டபத்தின் கூரையில் ஒளி வாயில் அமைத்தார். அவ்வாண்டுக் கண்காட்சி அதன்கீழ் நடந்தது. அதே ஆண்டில்தான் பாஸ்டீல் சிறையும் வீழ்ந்தது.

புரட்சி அரசு நெடுங்கூடத்தை 1793 ஆகஸ்டு 10ஆம் நாள் மக்களுக்குத் திறந்துவிட்டது. அரசருடைய உடைமை நாட்டின் உடைமையாயிற்று. ஆயினும் கூரை பழைய கூரையே. ஒளி பழைய ஒளியே. உரிமை வந்தது, வெளிச்சம் வரவில்லை! பழுது பார்ப்பதற்காக 1796இல் கூடம் மீண்டும் மூடப்பட்டது.

இவ்விடத்தில் ஓர் ஓவியரை நாம் சந்திக்கிறோம். அவர் பெயர் ஊபேர் ரொபேர். அழிந்த கட்டடங்களை வரைவதில் பெயர் பெற்றவர்; லூவரிலேயே குடியிருந்தவர்; 1784 முதல் அரும்பொருட்சாலைப் பணியில் ஈடுபட்டவர். புரட்சியின் கடுமை மிகுந்த நாட்களில் அவர் சிறைப்பட்டார். 1794இல் விடுதலை பெற்றுத் திரும்பினார். 1796ஆம் ஆண்டுக் கண்காட்சியில் அவர் இரண்டு படங்களை வைத்தார். ஒன்றிலே நெடுங்கூடத்தின் வளைகூரையில் கண்ணாடிச் சாளரங்கள் திறந்திருக்கின்றன, ஒளி பொழிகிறது, ஓவியர்கள் படங்களைப் பார்த்துப் படியெடுக்கின்றனர். மற்றொன்றிலே அதே கூடம் கூரை இடிந்து, வானம் தெரியப் பாழடைந்து கிடக்கிறது. அந்த இடிபாட்டின் நடுவிலும் ஒருவர் எஞ்சிய சிலையைப் பார்த்து வரைந்துகொண்டிருக்கிறார். கூரை காக்கப்பட்டால் ஒளி வரமாகும். கைவிடப்பட்டால் அதே ஒளி அழிவின் அடையாளமாகும். இதனை அவர் தூரிகையாலேயே சொல்லிவிட்டார்.

நெப்போலியன் காலத்தில் பெர்சியே, ஃபோந்தேன் என்னும் இரு கட்டடக் கலைஞர்கள் 1805 முதல் 1810 வரை இவ்வேலையை நிறைவேற்றினர். நீண்ட கூடத்தைத் தூண்களாலும் குறுக்கு வளைவுகளாலும் பகுதிகளாகப் பிரித்து, சில பகுதிகளுக்கு மேலிருந்தும் சிலவற்றுக்குப் பக்கத்திலிருந்தும் ஒளி வரச் செய்தனர். முழுக் கூரையையும் திறக்காமலும், முழுவதும் மூடாமலும் கண்ட நடுவழி அது. 1806இல் கீழ்த்தளங்களிலிருந்த கலைஞர் குடும்பங்களை நெப்போலியன் வெளியேற்றினார். இரு நூற்றாண்டு காலம் கலைஞர்களுக்கு நிழல் தந்த வீடு, அவர்களுடைய கலையைக் காப்பதற்காகவே அவர்களை இழந்தது. 1810 ஏப்ரல் 2ஆம் நாள் நெப்போலியனும் மரீ லூயியும் திருமண ஊர்வலமாக அக்கூடத்தின் வழியே சென்றனர். சேன் ஆற்றங்கரையில் பிறந்த இந்தக் கேள்வி பிற நாட்டவரையும் சிந்திக்கச் செய்தது. இங்கிலாந்தில் ஜான் சோன் கட்டி, 1817இல் மக்களுக்குத் திறக்கப்பட்ட டல்விச் ஓவியச்சாலை முழுவதற்கும் மேலிருந்தே ஒளி வந்தது.

மேலிருந்து வரும் ஒளியே அளவுக்கு மிஞ்சினால் வண்ணங்களை வெளிறச் செய்யும் என்பதை இன்று அறிவோம். ஆதலின் இக்காலத்து அரும்பொருட்சாலைகள் வெயிலை அளந்தும் வடித்துமே உள்ளே விடுகின்றன. திறப்பதா, மூடுவதா என்னும் அன்றைய வாதம், எவ்வளவு திறப்பது என்னும் கணக்காக இன்று மாறியிருக்கிறது.

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர் அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதில்லை. இருக்கும் சுவரின் வலிமையையும், அதன்கீழ் வாழ்கிறவரின் நலனையும், நாளை அங்கு வரப்போகிறவரின் தேவையையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கிறார். லூவரின் கூரை அத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் அதுவே. ஓர் அரசர் தாம் நனையாமல் நடப்பதற்காகக் கட்டிய கூரை, எல்லா மக்களும் கண்டு மகிழ்வதற்காகத் திறந்து கொடுத்தது. அச்சாளரங்களின் வழியே உள்ளே வந்தது வானத்து வெளிச்சம். வாயிலின் வழியே உள்ளே வந்தவர்கள் பாரிஸ் நகரத்து மக்கள்.