கோப்பி இலை சொன்னது, கணக்கேடு மறைத்தது



வெக்ஸ்போர்ட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா சாடியில் கறிவேப்பிலை வளர்க்கிறார். போன குளிர்காலம் இலைகளில் பழுப்புப் புள்ளிகள் கண்டன. மகன் கைத்தொலைபேசியில் படம் பிடித்தான். 'செதிற்பூச்சி' என்று உடனே விடை வந்தது. அதைப் பார்த்தபோது, இலங்கையின் வரலாற்றையே மாற்றிய வேறோர் இலைப்புள்ளி எனக்கு நினைவுக்கு வந்தது.

1869இல் மடுல்சீமைப் பகுதிக் கோப்பித் தோட்டமொன்றில் இலைகளின் அடியில் செம்மஞ்சள் தூள் காணப்பட்டது. பேராதனைப் பூங்காவின் பணிப்பாளர் துவைட்ஸ் மாதிரிகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். பூஞ்சண நிபுணர் பேர்க்லி அதே ஆண்டிலேயே அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் எனப் பெயரிட்டார். நோயை அடையாளம் காண்பதில் தாமதமே இல்லை.

பிறகு ஏன் கோப்பி அழிந்தது? கணக்காளனான எனக்கு விடை பேரேட்டில் தெரிகிறது. ஏக்கருக்குரிய விளைச்சல் குறைந்தது. ஆனால் 1870களில் கோப்பி விலை ஏறியது. வருமானம் விழாததால் துரைமார் பெரிதாகக் கவலைப்படவில்லை. மேலும் காடு வெட்டிக் கோப்பி நட்டார்கள். 1880இல் வந்த மார்ஷல் வார்ட் என்ற இளம் விஞ்ஞானி, தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளை வைத்து, காற்றில் பறக்கும் நோய் வித்திகளைப் பிடித்துக் காட்டினார். மலை மலையாக ஒரே பயிரை நட்டதே நோய்க்கு வசதியாயிற்று என்றார். அதற்குள் காலம் கடந்துவிட்டது. கோப்பித் தோட்டங்களுக்குக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி 1884இல் முறிந்தது.

தமிழகத்திலிருந்து மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்து வந்த நம்மவர்களின் வாழ்வும் இதனால் மாறியது. கோப்பி பருவகால வேலை. பலர் பருவம் முடிய ஊர் திரும்புவர். அடுத்து வந்த தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். குடும்பங்கள் மலையகத்திலேயே நிலைத்தன.

இன்று இலையைப் பார்க்கக் கணினி வந்திருக்கிறது. 2016இல் வெளியான ஆய்வொன்று 54,306 இலைப் படங்களைப் பயன்படுத்தியது. அவற்றில் 14 பயிர்களும் 26 நோய்களும் அடங்கின. பெரும்பகுதியைக் காட்டிப் பழக்கி, மீதியைக் கொடுத்துச் சோதித்தபோது கணினி 99.35 சதவீதம் சரியாகச் சொன்னது. வேறு சூழலில் எடுத்த படங்களைக் கொடுத்ததும் அது 31 சதவீத அளவுக்கு இறங்கிற்று. பழக்கிய படங்களில் ஒவ்வோர் இலையும் தனியாக, வெறும் பின்னணியில் இருந்தது. தோட்டத்திலோ நிழல், மண், இலைமேல் இலை.

தோட்டத்துப் படங்களைக் காட்டிப் பழக்கினால் இந்தக் குறை குறையும். ஆனால் 1869இலும் நோயின் பெயர் தெரிந்தே இருந்தது. நல்ல விலை வந்ததால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இன்றைய விவசாயிக்கும் பெயரோடு சேர்த்து மருந்து, ஆலோசனை, நட்டத்தைத் தாங்கும் கடனுதவி எல்லாம் வேண்டும்.

பக்கத்து வீட்டு அம்மா அன்றே ஈரத்துணியால் ஒவ்வோர் இலையாகத் துடைத்தார். செடி பிழைத்துவிட்டது.

கோப்பிக் காலத்துக் கதைகள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் இருந்தால் நிலையத்துக்கு அறியத் தாருங்கள்.