பாசறைப் புலம்பல்

பாசறை, போருக்குப் போன படை தங்கும் இடம். புலம்பல் என்றதும் இன்று ஓயாத முறையீடுதான் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் புலம்பு என்றால் தனிமை. தொல்காப்பிய உரியியல் தரும் பொருளும் அதுவே. போர்முனையில் இருந்தபடி மனைவியை நினைத்துத் தலைவன் வாடுவதே பாசறைப் புலம்பல். பாசறையில் மனைவியோடு தங்கும் வழக்கமில்லை என்கிறது தொல்காப்பியத்தின் கற்பியல். அப்புறம் தனிமைக்கு என்ன குறை! வினை முடிந்ததும் ‘தேரை விரைந்து செலுத்து’ என்று பாகனை அவசரப்படுத்தும் தலைவர்கள் முல்லைப் பாடல்களில் ஏராளம். முல்லைப்பாட்டின் அரசன் மட்டும் சற்றே வேறு. புண்பட்ட யானைகளையும் மறவர்களையும் எண்ணியே அவன் உறங்காமல் கிடக்கிறான். பாசறைப் புலம்பல் போரையொட்டி எழுந்தாலும், தொல்காப்பியர் அதைப் புறத்திணையில் சேர்க்கவில்லை, அகத்திணையியலில்தான் வைத்திருக்கிறார்.