குவார்ட்ஸ் மேற்பரப்பு ஒலியலை ஒத்ததிர்வியின் வரலாறு

குவார்ட்ஸ் படிகத் தகட்டின் மேற்பரப்பில் ஓடும் நுண்ணிய ஒலியலையை ஓரிடத்தில் அடைத்து வைத்து, அதன் துணையால் ஒரு மின்சுற்றின் அதிர்வெண்ணை நிலைநிறுத்தும் சிறு உறுப்பு மேற்பரப்பு ஒலியலை ஒத்ததிர்வி எனப்படும். கார்க் கதவைத் தொலைவிலிருந்து திறக்கும் சாவி, வாயிற்கதவுத் தொலைக்கட்டுப்படுத்தி, கம்பியில்லா எச்சரிக்கை மணி போன்றவற்றில் இது பெருமளவில் இடம்பெற்றது.

இதை வடிவமைத்தவர்கள் இரண்டு தேவைகளை ஒருசேர நிறைவேற்ற வேண்டியிருந்தது. கொடுக்கும் மின்னாற்றல் வீணாகாமல் அலையாக மாற வேண்டும். வெயிலிலும் பனியிலும் அதிர்வெண் பிறழாமல் இருக்க வேண்டும். முதல் தேவைக்கு ஏற்ற படிகம் இரண்டாவதில் தவறியது. இரண்டாவதில் சிறந்த குவார்ட்ஸ் முதலாவதில் மிகவும் பின்தங்கியிருந்தது. இந்த முரண்பாடு தீர்ந்த விதமே இக்கருவியின் வரலாறு.

முன்னோடிகள்

சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்னூட்டம் தோன்றுவதை 1880-இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியேர் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். இது அழுத்தமின் விளைவு எனப்படும். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நெளியும் என்ற எதிர்விளைவை 1881-இல் லிப்மன் கோட்பாட்டு வழியில் முன்னறிவித்தார். கியூரி சகோதரர்கள் அதைச் சோதனையில் உறுதிசெய்தனர்.

திண்மப் பொருளின் உட்புறத்தைத் தொடாமல் அதன் மேற்பரப்பை ஒட்டியே பரவும் அலை ஒன்று உண்டு என 1885-இல் ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு கணக்கிட்டுக் காட்டினார். அவர் மனத்தில் இருந்தது நிலநடுக்கம். பிற்காலத்தில் அவ்வலை நிலநடுக்கப் பதிவுகளில் இனங்காணப்பட்டு, ரேலி அலை என்றே பெயர் பெற்றது. நிலத்தில் பல கிலோமீட்டர் அலைநீளத்தில் பரவும் அதே வகை அலைதான் ஒத்ததிர்வியில் சில மைக்ரோமீட்டர் அலைநீளத்தில் ஓடுகிறது.

1920-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வால்டர் கேடி குவார்ட்ஸைக் கொண்டு அலையியற்றியை அமைத்தார். 1934-இல் வெளியான ஏ.டி. வெட்டு, அறை வெப்பநிலையில் அதிர்வெண் மிகக் குறைவாகவே மாறும் தகட்டைத் தந்தது. படிகத்தை எந்தக் கோணத்தில் அறுக்கிறோம் என்பதே அதன் வெப்பக் குணத்தைத் தீர்மானிக்கும் என்ற பாடம் அப்போதே நிலைபெற்றது.

எனினும் இத்தகடுகளில் தகடு முழுவதும் அதிர்கிறது; அதிர்வெண் கூடக்கூடத் தகடு மெலிய வேண்டும். அடிப்படை அதிர்வில் 50 மெகாஹெர்ட்ஸ் பெற ஏறத்தாழ 33 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள தகடு தேவை. 400 மெகாஹெர்ட்ஸுக்கு அது 4 மைக்ரோமீட்டராகச் சுருங்கிவிடும். அவ்வளவு மெல்லிய தகட்டைக் கையாள்வது கடினம்.

சீப்பு வடிவ மின்வாய்கள்

இத்தடையைத் தாண்டும் வழி 1965-இல் பிறந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் ரிச்சர்டு ஒயிட், வோல்ட்மர் ஆகிய இருவரும் படிகத்தின் மேல் மெல்லிய உலோகக் கோடுகளை, பற்கள் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த இரண்டு சீப்புகளைப் போல் பதித்தனர். இரண்டு சீப்புகளுக்கும் இடையே மாறு மின்னழுத்தம் கொடுத்ததும் மேற்பரப்பு அலை நேரடியாக எழுந்தது.

இதன்பின் அதிர்வெண்ணைத் தீர்மானிப்பது தகட்டின் தடிப்பு அன்று, பற்களின் இடைவெளியே. குவார்ட்ஸின் மேற்பரப்பில் அலை நொடிக்கு ஏறத்தாழ 3,158 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ ஒரு இலட்சத்தில் ஒரு பங்கு. ஆகவே 433.92 மெகாஹெர்ட்ஸில் வானொலி அலையின் நீளம் 69 சென்டிமீட்டர். அதே அதிர்வெண்ணில் படிகத்தில் ஓடும் அலையின் நீளம் 7.3 மைக்ரோமீட்டர். ஒரு பல்லின் அகலம் அதில் கால் பங்கு, அதாவது 1.8 மைக்ரோமீட்டர். நுண்சுற்றுகளை அச்சிடும் ஒளிப்பதிவு முறைக்கு இது எளிய அளவு. தடித்த தகட்டிலேயே உயர் அதிர்வெண் கிடைத்தது.

வெப்பத்துக்கு அசையாத வெட்டு

எந்தப் படிகத்தைத் தேர்வது என்பது அடுத்த கேள்வி. லித்தியம் நியோபேட் மின்னாற்றலை அலையாக மாற்றுவதில் குவார்ட்ஸைவிட ஏறத்தாழ 30 மடங்கு வலிமையானது. ஆனால் அதன் வழக்கமான வெட்டில் வெப்பநிலை ஒரு பாகை ஏறினால் அதிர்வெண் பத்து இலட்சத்தில் 94 பங்கு இறங்குகிறது. 50 பாகை மாற்றத்தில், 433.92 மெகாஹெர்ட்ஸ் கருவி ஒன்று ஏறத்தாழ 2 மெகாஹெர்ட்ஸ் விலகிவிடும்.

சூடேறும்போது பெரும்பாலான பொருள்கள் விரிவதோடு விறைப்பையும் இழக்கின்றன. ஆனால் குவார்ட்ஸில் சில வகை நெளிவுகளுக்கான விறைப்பு வெப்பத்தால் கூடுகிறது. சரியான கோணத்தில் அறுத்தால் கூடுவதும் குறைவதும் ஒன்றையொன்று ஈடுசெய்யும். மேற்பரப்பு அலைக்கு அக்கோணத்தை 1970-இல் சுல்ட்ஸ், மாட்சிங்கர், ஹாலண்ட் ஆகியோர் வெளியிட்டனர். சுழற்றிய ஒய் வெட்டில் 42.75 பாகையில் அமைந்த அது எஸ்.டி. வெட்டு எனப் பெயர் பெற்றது.

இவ்வெட்டில் அதிர்வெண், வெப்பநிலையோடு நேர்கோடாக மாறுவதில்லை. கவிழ்ந்த கிண்ணம் போன்ற பரவளைவாக மாறுகிறது. அதன் உச்சி அறை வெப்பநிலையை ஒட்டி அமைகிறது. உச்சியிலிருந்து 50 பாகை விலகினாலும் மாற்றம் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 85 பங்குதான். முன்பு 2 மெகாஹெர்ட்ஸாக இருந்த பிறழ்வு 37 கிலோஹெர்ட்ஸாகச் சுருங்கியது.

பலவீனத்தை ஈடுசெய்த எதிரொலிப்பு

நிலைத்தன்மை கிடைத்தது, ஆனால் மின்னாற்றலை அலையாக மாற்றுவதில் குவார்ட்ஸின் பலவீனம் அப்படியே இருந்தது. இதற்கான தீர்வு பொருளை மாற்றாமல் அமைப்பை மாற்றியதில் கிடைத்தது. 1970-இல் லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியைச் சேர்ந்த எரிக் ஆஷ், அலையின் பாதையில் அரை அலைநீள இடைவெளியில் வரிசையாகக் கோடுகளைப் பதித்தால் அது கண்ணாடிபோல் அலையைத் திருப்பும் என்று காட்டினார். 1974-இல் அமெரிக்காவில் எட்வர்டு ஸ்டேபிள்ஸ் இம்முறையிலான உயர் அதிர்வெண் ஒத்ததிர்விகளைப் பற்றி வெளியிட்டார்.

ஒரு கோடு, தன்மேல் படும் அலையில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கையோ அதற்கும் குறைவாகவோதான் திருப்புகிறது. நூற்றுக்கணக்கான கோடுகள் ஒரே கட்டத்தில் திருப்பும்போது, ஏறத்தாழ முழு அலையும் மீள்கிறது. இரண்டு வரிசைகளுக்கு நடுவே சீப்பு மின்வாயை வைத்தால் அலை அங்கேயே முன்னும் பின்னும் ஓடித் தேங்கும். ஒவ்வோர் அலைவிலும் மின்வாய் ஊட்டும் ஆற்றல் சிறிது. ஆனால் இழப்பு அதைவிட அருமையாக இருப்பதால் அது சேர்ந்துகொண்டே போகிறது. தரக்காரணி 10,000 எனில், ஓர் அலைவில் இழக்கும் ஆற்றல் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடக் குறைவு. ஊஞ்சலை விரலால் தொட்டுத் தொட்டே உயர ஆட்டுவது போன்றது இது. அகன்ற அலைவரிசை வேண்டும் வடிகட்டிக்குக் குறையாக இருந்த பலவீனம், ஒரே அதிர்வெண்ணில் நிற்கவேண்டிய ஒத்ததிர்விக்குப் பெரிய தடையாகவில்லை.

தடிப்பும் கோணமும்

இரண்டு தேவைகளுக்கும் இடையிலான இழுபறி அத்துடன் முடியவில்லை. அலுமினியக் கோடுகள் தடித்தால் ஒவ்வொன்றும் கூடுதலாக எதிரொலிக்கும், கருவி சிறிதாகும். ஆனால் தடித்த உலோகம் மேற்பரப்பு அலையின் ஒரு பகுதியைப் படிகத்தின் உட்புறம் சிதறவிட்டு ஆற்றலை வீணாக்குகிறது. அதன் எடை பரவளைவின் உச்சியையும் குளிர்ந்த பக்கம் நகர்த்துகிறது. அறை வெப்பநிலைக்கெனக் கணக்கிட்ட வெட்டு இவ்வாறு பொருந்தாமல் போகும்.

ஆகவே கோட்டின் தடிப்பையும் வெட்டுக் கோணத்தையும் சேர்த்தே கணக்கிடும் வழக்கம் வந்தது. உலோகம் உச்சியை எவ்வளவு கீழிறக்குமோ, அவ்வளவுக்கு அதை முன்னதாகவே மேலேற்றும்படி, 42.75 பாகையைவிடச் சிறிய கோணத்தில் படிகம் அறுக்கப்பட்டது. சில வடிவமைப்புகளில் உலோகக் கோடுகளுக்குப் பதிலாகப் படிகத்திலேயே ஆழம் குறைந்த பள்ளங்கள் செதுக்கப்பட்டன. அலை மேற்பரப்பிலேயே ஓடுவதால் அதில் படியும் மாசும் அதிர்வெண்ணை மாற்றும். எனவே ஒத்ததிர்விகள் காற்றுப்புகா உறையில் அடைக்கப்பட்டன.

பயன்பாடும் பிற்காலமும்

முந்தைய மலிவான தொலைக்கட்டுப்படுத்திகள் கம்பிச்சுருளும் மின்தேக்கியும் கொண்ட சுற்றுகளை நம்பியிருந்தன. வெப்பம், மின்கல அழுத்தம், கையின் அருகாமை ஆகிய யாவும் அவற்றின் அதிர்வெண்ணை அலைக்கழித்தன. அப்பிறழ்வுக்கு இடம்விட ஏற்பி அகன்ற அலைவரிசையைக் கேட்க வேண்டியிருந்தது; இரைச்சலும் கூடவே நுழைந்தது. ஒத்ததிர்வி அதிர்வெண்ணை நிறுத்தியதும் ஏற்பியின் அலைவரிசையைக் குறுக்க முடிந்தது. அதே மின்கலத்தில் கூடுதல் தொலைவு கிடைத்தது.

குறையாகக் கருதப்பட்ட குணமும் பின்னர் பயனாயிற்று. மேற்பரப்பில் படியும் பொருளை அலை உணர்வதைக் கொண்டு, வேதி ஆவிகளைக் கண்டறியும் உணரியை 1979-இல் வோல்ட்ஜன், டெஸ்ஸி ஆகியோர் விவரித்தனர். வெப்பத்துக்கு வேண்டுமென்றே அசையும் வெட்டுகளைக் கொண்டு, மின்கலமற்ற கம்பியில்லா வெப்பநிலை உணரிகளும் உருவாயின.

தாழ்ந்த அதிர்வெண் படிகத்திலிருந்து உயர் அதிர்வெண்ணைத் தொகுத்துத் தரும் சில்லுகள் மலிவானதும், பல தொலைக்கட்டுப்படுத்திகளில் ஒத்ததிர்வியின் இடம் குறைந்தது. எனினும் எளிய சுற்று, குறைந்த இரைச்சல், உணரிப் பயன் ஆகியவை தேவைப்படும் இடங்களில் அது தொடர்கிறது. வலிமையான படிகத்தைத் தேடிப் போகாமல், நிலையான படிகத்தின் பலவீனத்தை அமைப்பால் ஈடுசெய்ததே இக்கருவியின் வரலாற்றில் திருப்பமாக அமைந்தது.