கான்பூர் லிபரேட்டர்களை முதலில் இயக்கியது யார்?

பி-24 லிபரேட்டர் கனரகக் குண்டுவீச்சு விமானத்தை யார் யார் இயக்கினர் என்று தொகுக்கும் ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு பத்திகளில் முடிந்துவிடுகின்றன. ஒன்றில் விமானப்படைகள், மற்றொன்றில் விமானக் கம்பெனிகள். இந்தியா முதற்பத்தியில் மட்டுமே வருகிறது. 1948 நவம்பர் 2 அன்று கான்பூரில் அமைக்கப்பட்ட 5-ஆம் ஸ்குவாட்ரனில் தொடங்கி, 1968 டிசம்பர் 31 அன்று 6-ஆம் ஸ்குவாட்ரனிலிருந்து கடைசி விமானம் ஓய்வு பெற்றதோடு அந்தப் பதிவு முற்றுப்பெறுகிறது. உலகில் லிபரேட்டரைக் கடைசிவரை பணியில் வைத்திருந்த விமானப்படை இந்தியாவுடையது என்ற குறிப்பும் தவறாமல் இடம்பெறும். முடிவு பற்றிய அந்தக் குறிப்பில் எனக்கு மாறுபாடு இல்லை. தொடக்கம்தான் பிழையானது. இந்திய லிபரேட்டர்களை முதலில் இயக்கியது விமானப்படை அன்று; பெங்களூரில் இருந்த ஒரு கம்பெனி. அது கண்ணில் படாமல் போனதற்குக் காரணம், கான்பூர்க் கதை இதுவரை வாசிக்கப்பட்டுவரும் முறை.

கதை துறையினர் அறிந்ததே. போர் முடிந்ததும் கடன்-குத்தகைத் திட்டத்தில் பிரிட்டன் பெற்றிருந்த லிபரேட்டர்கள் கான்பூரில் குவிக்கப்பட்டன. யாருக்கும் பயன்படக்கூடாதென்று அங்கேயே அழிக்கப்பட்டன. எஞ்சின்களில் மணல் கொட்டினார்கள், உடலைக் கோடரியால் பிளந்தார்கள், புல்டோசரால் இடித்தார்கள் என்று கதை விரியும். பின்னர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தார் வந்தனர். அந்தக் குப்பையிலிருந்து நாற்பதுக்கும் மேற்பட்ட விமானங்களை உயிர்ப்பித்தனர். கான்பூரில் ஒப்புக்கு ஒட்டுப்போட்ட விமானங்களை அந்நிறுவனத்தின் தலைமைச் சோதனை விமானி ஜம்ஷெட் முன்ஷி பெங்களூருக்கு ஓட்டிச்சென்றார். அங்கே முழுப் பழுதுபார்ப்பு முடிந்து அவை விமானப்படைக்குச் சென்றன.

இக்கதையைப் பொய் என்று தள்ளுவது என் நோக்கமன்று. அதன் இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை என்பதே நான் சொல்ல வருவது. முதற்பாதியை எழுத்துக்கு எழுத்து ஏற்றால் இரண்டாம் பாதி நடந்திருக்க முடியாது. லிபரேட்டரின் பிரதானச் சக்கரங்கள் இறக்கைக்குள் மடங்குபவை. அவற்றைத் தாங்குவது இறக்கையின் கட்டமைப்பே. புல்டோசர் மோதிச் சக்கரக் கால் முறிந்து விமானம் தரையில் விழுந்திருந்தால், முறிந்தது கால் மட்டுமாக இருக்காது. இறக்கையின் முதுகெலும்பான குறுக்குத் தண்டும் வளைந்திருக்கும். திறந்த வெளியில், கைக்கருவிகளைக் கொண்டு அதைச் சீராக்க இயலாது. ஆனால் அதே விமானம் அரைகுறைச் சீரமைப்போடு கான்பூரிலிருந்து பெங்களூர் வரை ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் பறந்தது. அந்தப் பறத்தலை எவரும் மறுப்பதில்லை. மறுக்கவும் முடியாது, விமானங்கள் பெங்களூர் வந்து சேர்ந்தன. ஆகவே இரண்டில் ஒன்று தளர வேண்டும். தளர வேண்டியது அழிப்புதான்.

அழிப்பே நடக்கவில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. அழிப்பு சீராக நடக்கவில்லை என்பதே என் ஊகம். சில விமானங்கள் உண்மையிலேயே நொறுக்கப்பட்டிருக்கும். சிலவற்றின் உடற்தகட்டில் ஓட்டைகள் போடப்பட்டிருக்கும்; தகடு வெட்டி ஒட்டக்கூடிய சேதம் அது. சிலவற்றின் எஞ்சின்களில் மணல் விழுந்திருக்கும். மணல் அந்த எஞ்சினைக் கெடுக்கும், விமானத்தைக் கெடுக்காது. எஞ்சினைக் கழற்றி வேறொன்றைப் பூட்டலாம். ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் ஆட்கள் கிடந்தவை அனைத்தையும் எழுப்பவில்லை, தேர்ந்தெடுத்தார்கள் என்பதையும் மறந்துவிடலாகாது. மிக மோசமானவை உதிரிபாகங்களாயின. நமக்குத் தெரியும் விமானங்கள் தப்பியவை. அழிப்பின் முழு அளவை அவற்றைக் கொண்டு அளக்கக்கூடாது என்ற எச்சரிக்கையை ஏற்கிறேன். அந்த எச்சரிக்கை என் வாசிப்பை வலுப்படுத்தவே செய்கிறது: தப்புவதற்கு ஏற்றவை நாற்பதுக்கு மேல் இருந்தன என்றால், அழித்தவர்கள் முழுமூச்சாக அழிக்கவில்லை.

ஏன் அழிக்கவில்லை? இங்கேதான் முந்தைய ஆய்வுகள் சட்டச் சூழலைப் போதிய அளவு கவனிக்கவில்லை. 1945 டிசம்பரில் அமெரிக்காவும் பிரிட்டனும் செய்துகொண்ட கடன்-குத்தகைத் தீர்வின்படி, படைகளிடம் எஞ்சியிருந்த தளவாடங்களைத் திரும்பப் பெறும் உரிமை அமெரிக்காவிடமே இருந்தது. அதன் இசைவின்றி அவற்றைக் குடிமைப் பயன்பாட்டுக்கோ மூன்றாம் நாட்டுக்கோ தரக்கூடாது. பிரிட்டிஷ் விமானப்படைக்கு அன்று தேவைப்பட்டது விமானம் இல்லாமற்போவதன்று. விமானம் தன் கணக்கில் இல்லாமற்போவது. பேரேட்டில் கோடு விழுந்துவிட்டால் பொறுப்பு தீர்ந்தது. ஊர் திரும்பக் காத்திருந்த சிப்பாய்க்கு ஒவ்வொரு குறுக்குத் தண்டையும் உடைத்துவிட்டுப் போக வேண்டிய அவசியம் என்ன? கான்பூரில் நடந்தது முதன்மையாகக் கணக்குத் தீர்ப்பு. கோடரியும் மணலும் அதற்குச் சாட்சியாக வைக்கப்பட்டவை. ஆவணத்தில் ‘அழிக்கப்பட்டது’ என்று இருப்பதைக் களத்தின் வருணனையாக எடுத்துக்கொண்டதே பிழையின் வேர்.

இதற்குப் பொருட்சான்றும் உண்டு. லண்டனிலுள்ள பிரிட்டிஷ் விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கும் லிபரேட்டர், போர்க்காலத்தில் கே.என். 751 என்ற எண்ணோடு கோகோஸ் தீவுகளில் 99-ஆம் ஸ்குவாட்ரனில் இருந்தது. பின்னர் இந்தியாவில் எச்.இ. 807 ஆனது. 1974-இல் தன் எஞ்சின்களாலேயே பறந்து பிரிட்டன் போய்ச் சேர்ந்தது. பிரிட்டிஷ் பேரேட்டில் ஆயுள் முடிந்த ஒரு விமானம், கால் நூற்றாண்டு கழித்து அந்நாட்டுக்கே பறந்து வந்திருக்கிறது.

அழிப்பு பகுதியளவே என்றால் பெங்களூர்த் தொழிலாளர்களின் சாதனை குறைந்துவிடாதா என்று கேட்கப்படுகிறது. குறையாது, அதன் இயல்பு தெளிவாகும். ‘அற்புதம்’ என்ற சொல் அவர்களுடைய தொழிற்பயிற்சியை மறைத்துவிடுகிறது. 1940 டிசம்பரில் வால்சந்த் ஹிராசந்த் மைசூர் அரசோடு சேர்ந்து நிறுவிய அந்தத் தொழிற்சாலை, 1943-இல் அமெரிக்க விமானப்படையின் பொறுப்பில் வந்தது. போர் முடியும்வரை அமெரிக்க விமானங்களைப் பிரித்துச் சீராக்கும் பெரும் பணிமனையாக இருந்தது. லிபரேட்டரின் எஞ்சின் பிராட் அண்டு விட்னி நிறுவனத்தின் ஆர்-1830. டக்கோட்டாவின் எஞ்சினும் அதே குடும்பம். போருக்குப்பின் இந்திய விமானக் கம்பெனிகளுக்காக டக்கோட்டாக்களைப் பயணிகள் விமானங்களாக மாற்றிக்கொடுத்ததும் இதே பணிமனைதான். கான்பூருக்குப் போன ஃபிட்டர்களுக்கு அந்த எஞ்சின் புதிரன்று. கையில் பழகிய இயந்திரம், பெங்களூரில் உதிரிபாகம், பல ஆண்டு அனுபவம் ஆகியவற்றோடுதான் அவர்கள் அந்தக் காயலான் கடைக்குள் நுழைந்தார்கள்.

இனி, இயக்கியவர் யார் என்ற வினா. 1948-இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இல்லை. 1945 டிசம்பரிலிருந்து அது தொழில் மற்றும் வழங்கல் துறையின் பொறுப்பில் இருந்தது. பாதுகாப்பு அமைச்சகத்திடம் வந்தது 1951 ஜனவரியில்தான். விமானப்படைக்காக வேலை செய்தது என்பது வேறு, விமானப்படையின் உறுப்பாக இருந்தது என்பது வேறு. கான்பூரில் கிடந்த விமானம் பிரிட்டிஷ் கணக்கில் இல்லை. எந்த இந்திய ஸ்குவாட்ரனிலும் இன்னும் சேரவில்லை. அந்த இடைவெளியில் அதைப் பறக்கத் தக்கது என்று முடிவுசெய்தது ஒரு கம்பெனியின் பொறியாளர்கள். எழுப்பிப் பறக்கவிட்டது அதே கம்பெனியின் சம்பளத்தில் இருந்த விமானி. முன்ஷி படையதிகாரியாக அல்ல, நிறுவனத்தின் ஊழியராகவே பறந்தார். 1951 ஆகஸ்டில் எச்.டி.-2 பயிற்சி விமானத்தின் முதற்பறத்தலை நிகழ்த்தியவரும் அவரே. இந்தப் பறத்தல்களுக்கு இயக்குநர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் அன்றி வேறெவர்?

இவை வெறும் ஒப்படைப்புப் பறத்தல்கள், அமெரிக்காவில் விமானம் செய்த ஆலைகளின் சோதனை விமானிகளையும் இயக்குவோர் என்று எழுதுவீர்களா என்ற மறுப்பு எழலாம். ஒப்புமை பொருந்தாது. ஆலை வாசலில் நின்ற விமானத்துக்கு வடிவமைத்த நிறுவனத்தின் உத்தரவாதம் இருந்தது. கான்பூரில் அது இல்லை.

இப்படி ஓர் இடைநிலை கான்பூருக்கு மட்டும் உரிய விதிவிலக்கும் அன்று. 1942 பிப்ரவரி 15 அன்று கெய்ரோவிலிருந்து பிரிட்டன் திரும்பிய ஒரு லிபரேட்டரை, பிரிட்டிஷ் விமானப்படையில் பணியாற்றிய போலந்து ஸ்பிட்ஃபயர் விமானிகளே தவறுதலாகச் சுட்டு வீழ்த்தினர். அதன் பதிவெண் ஜி-ஏஜிடிஆர், குடிமைப் பதிவு. ஓட்டிச்சென்றது பி.ஓ.ஏ.சி. நிறுவனத்தின் குழு. பயணிகளிலோ அமெரிக்க லெப்டினன்ட் கர்னல் டவுன்செண்ட் கிரிஃபிஸ் உள்ளிட்ட படையதிகாரிகள். அந்த இழப்பு எந்தப் பத்தியில் சேரும்? 1943-இல் அசாமின் தேஜ்பூரிலிருந்து இமயத்தைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கேற்றிய சி-87 விமானங்கள் லிபரேட்டரின் சரக்கு வடிவம். அமெரிக்கப் படைக்குச் சொந்தமானவை. அவற்றில் ஒரு தொகுதியை ஓட்டியவர்கள் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஊழியர்கள். 1944-இல் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரைக்கும் இலங்கையின் இரத்மலானைக்கும் இடையே குவாண்டாஸ் ஓட்டிய லிபரேட்டர்கள் பிரிட்டிஷ் குடிமைப் பதிவு பெற்றவை; சுமந்ததோ போர்க்கால அஞ்சலையும் அலுவல்முறைப் பயணிகளையும். அதே ஆண்டில் காங்கேசன்துறையிலிருந்து பிரிட்டிஷ் 160-ஆம் ஸ்குவாட்ரனும், சென்னை பரங்கிமலையிலிருந்து 200-ஆம் ஸ்குவாட்ரனும் அதே வகை விமானத்தைப் போர்ப்பணியில் பறக்கவிட்டன. உடைமை, பதிவு, குழு, பணி ஆகிய நான்கும் ஒரே கையில் இருந்த விமானங்களுக்கு மட்டுமே இரண்டு பத்திப் பட்டியல் பொருந்தும்.

இந்திய வரலாற்றின் மறுமுனையிலும் இதே குறுக்கீட்டைக் காணலாம். 6-ஆம் ஸ்குவாட்ரனில் கடல் கண்காணிப்புக்கு லிபரேட்டருக்கு அடுத்து நின்ற சூப்பர் கான்ஸ்டலேஷன்கள் ஏர் இந்தியா பயணிகளைச் சுமந்த விமானங்கள். குண்டுவீச்சு விமானத்தின் இடத்தைப் பயணிகள் விமானம் பிடித்தது. 1976-இல் அவை கடற்படைக்குப் போய் 312-ஆம் ஸ்குவாட்ரனைத் தொடங்கிவைத்தன. அந்த ஸ்குவாட்ரன் இன்று அரக்கோணத்தில் இருக்கிறது. ஏர் இந்தியாவிலிருந்து படைக்கு வந்த இந்த விமானங்களின் முந்தைய இயக்குநரை எந்தத் தொகுப்பும் விடுவதில்லை. அந்த நியாயம் பெங்களூர்க் கம்பெனிக்கும் உரியதே.

லிபரேட்டர் இயக்கியோர் பட்டியலைத் திருத்தி வெளியிடுபவர்கள் இந்தியப் பகுதியின் முதல் வரியில் 5-ஆம் ஸ்குவாட்ரனுக்கு மேலே இதைச் சேர்க்க வேண்டும்: ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் லிமிடெட், பெங்களூர், 1948, குடிமைத்துறை நிறுவனம்.