சோழவரத்து ஓடுபாதையும் ஹெரால்டின் பின்னச்சும்: ‘மேம்பாடு’ என்ற சொல்லின் ஒரு சிறு வரலாறு

அண்மையில் அந்தமானைச் சேர்ந்த மாணவர் ஒருவர் ஒரு கேள்வி கேட்டார். பழைய சிறு கார் ஒன்றை வாங்கியிருக்கிறார். கூம்புகளை நட்டு, வளைந்து நெளிந்து, கடிகாரத்துக்கு எதிராக ஓட்டும் ஆட்டோகிராஸ் போட்டியில் கலந்துகொள்ள விருப்பம். “சஸ்பென்ஷனில் முதலில் எதை மாற்றுவது?” என்பதே கேள்வி. தொழில்நுட்ப வரலாறு படிப்பவனிடம் கேட்கப்பட்டதால், விடையும் வரலாற்றின் வழியாகவே வருகிறது. பொறுத்தருள்க.

ஓடுதளத்திலிருந்து தொடங்குவோம். 1942 மார்ச் 23 அன்று ஜப்பானியப் படை போர்ட் பிளேரில் இறங்கியது. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பட்ட அவ்வூரின் விமான ஓடுபாதைக்காகத் தீவு மக்களிடமிருந்து கட்டாய உழைப்பு பிழியப்பட்டது. அடுத்த மாதமே ஜப்பானியர் வருகிறார்கள் என்ற அச்சத்தில் மதராஸ் நகரம் பாதி காலியானது. அதே போரின் தேவைக்காக நகருக்கு வடக்கே சோழவரத்தில் ஓர் ஓடுபாதை எழுந்தது. போர் முடிந்தபின் முன்னது பயணிகள் விமான நிலையமாயிற்று. பின்னது பந்தயக் களமாயிற்று. 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென ஒரு தடம் அமையும் வரை, சோழவரத்தின் ‘T’ வடிவக் கான்கிரீட்டையே நம்பியிருந்தது. இது சென்னைக்கு மட்டும் உரிய கதையன்று. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் குண்டுவீச்சு விமானங்களுக்காகக் கட்டப்பட்ட தளமே. அமெரிக்காவிலும் 1950களின் தொடக்கத்தில் அமெச்சூர் பந்தயங்கள் விமானப்படைத் தளங்களில் நடந்தன.

இவ்விளையாட்டின் பெயரிலும் நம் நிலத்தின் சுவடு உண்டு. ஆட்டோகிராஸை ஜப்பானியர் ‘ஜிம்கானா’ என்கிறார்கள். ஆஸ்திரேலியர் ‘மோட்டார்கானா’ என்கிறார்கள். பந்து விளையாடும் இடத்தைக் குறித்த ‘கேந்த்கானா’ என்ற இந்துஸ்தானிச் சொல் ஆங்கிலோ-இந்திய நாவில் திரிந்து ‘ஜிம்கானா’ ஆயிற்று என்பதே பரவலாக ஏற்கப்பட்ட சொல்லாய்வு. 1884இல் நிறுவப்பட்ட மெட்ராஸ் ஜிம்கானா கிளப்பின் வாசலைக் கடக்கும் எவரும் இனி அப்பெயரில் ஒரு காரின் டயர்ச் சத்தத்தையும் கேட்கலாம்.

இனிக் காருக்கு வருவோம். 1950களின் முற்பகுதியில், உள்நாட்டிலேயே படிப்படியாக உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் வெளியேற வேண்டும் என்ற கொள்கை நடைமுறைக்கு வந்தது. ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் தம் இந்தியத் தொகுப்பாலைகளை மூடின. எஞ்சியவை மூன்று: கல்கத்தாவின் இந்துஸ்தான், பம்பாயின் பிரீமியர், மதராஸின் ஸ்டாண்டர்டு. ஆகவே சோழவரத்து அமெச்சூருக்குச் சஸ்பென்ஷன் தெரிவு என்பது பெரும்பாலும் கார்த் தெரிவாகவே இருந்தது. அம்பாசடரின் முன்புறம் முறுக்குத்தண்டு; ஃபியட் 1100இன் முன்புறம் சுருள் வில். இரண்டிலும் பின்புறம் ஒற்றை அச்சும் பட்டை வில்லும். ஹெரால்டு மட்டும் வேறு இனம். முன்புறம் இரட்டைக் கை, சுருள் வில், ஷாக் அப்சார்பர். பின்புறம் தனித்தனியே ஊசலாடும் அரையச்சுகள், அவற்றின் மேல் குறுக்காக ஒரே பட்டை வில். சுமார் 25 அடி விட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் வளைதிறனைப் பார்த்தால் ஜிம்கானாவுக்கென்றே பிறந்த கார் என்று தோன்றும்.

சிக்கல் அந்தப் பின்புறத்தில்தான் இருந்தது. அரையச்சு டிஃபரன்ஷியல் அருகே மட்டுமே கீல் கொண்டது. சக்கரம் மேலும் கீழும் போகும்போது அதன் சாய்வும் மாறும். வேகமாக வளையும்போது வெளிச்சக்கரத்தின் மீது விழும் பக்கவிசை, அச்சின் கோணத்தால் காரின் பின்புறத்தையே மேலே தூக்கும். தூக்கியதும் சக்கரம் உள்ளே மடங்கும். மடங்கியதும் பிடிமானம் ஒரு கணத்தில் போய்விடும். அந்நேரம் ஓட்டுநர் அஞ்சி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் நிலைமை இன்னும் மோசமாகும்.

உலகம் இதற்குக் கண்ட தீர்வுகள் ஒன்றல்ல. 1960ஆம் ஆண்டு மாடலாக வந்த ஷெவர்லே கார்வேர், பின்புற எஞ்சினும் இதே இன அச்சும் கொண்டது. முன்புற ஆன்டி-ரோல் பார் செலவு கருதித் தவிர்க்கப்பட்டு, 1964 மாடலில்தான் எல்லாக் கார்களுக்கும் வந்தது. 1965இல் ரால்ஃப் நேடர் எழுதிய புகழ்பெற்ற நூலின் முதல் அத்தியாயமே இக்காரைப் பற்றியது. எனினும் 1972இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு, கார்வேர் தன் காலத்துப் பிற கார்களைவிட மோசமானதன்று என்றது. சிறு இரும்புத் தண்டு ஒன்றைச் சேர்ப்பதா விடுப்பதா என்ற கணக்கு, பாதுகாப்புக்கு யார் விலை கொடுப்பது என்ற அரசியலாக மாறியதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

பிரிட்டனில், ஹெரால்டின் அடித்தளத்தில் பிறந்த ஸ்பிட்ஃபயர் 1970இல் வேறு வழி கண்டது. குறுக்குப் பட்டைகளுள் ஒன்றை மட்டும் இறுகப் பிணைத்து, மற்றவற்றை ஊசலாட விட்டார்கள். பின்புறம் இளகியது, தூக்கும் குணம் தணிந்தது. மதராஸ் எடுத்த முடிவு முற்றிலும் வேறு. 1972இல் வெளிவந்த ஸ்டாண்டர்டு கேஸல், ஹெரால்டின் 948 சிசி எஞ்சினை வைத்துக்கொண்டு, ஊசலச்சைக் கைவிட்டு ஒற்றைப் பின்னச்சுக்குத் திரும்பியது. வாங்குவோரும் மெக்கானிக்குகளும் ஊசலச்சை விரும்பவில்லை.

பாடநூல் வரிசைப்படி தனித்தனிச் சஸ்பென்ஷன் முன்னேற்றம். ஒற்றை அச்சு பழமை. ஆனால் ஒற்றை அச்சில், கார் சாய்ந்தாலும் சக்கரம் சாலைக்கு நேராகவே நிற்கும். பட்டறையில் எவரும் கழற்றிப் பூட்டலாம். நம் சாலைக்கும் நம் கைக்கும் அதுவே மேம்பாடாயிற்று. வரலாற்றைப் புதுமையின் கணக்காக மட்டும் எழுதாமல் பயன்பாட்டின் கணக்காக எழுதவேண்டும் என்று 2006இல் டேவிட் எட்ஜர்டன் வாதிட்டார். கேஸலின் பின்னச்சு அவ்வாதத்துக்கு உள்ளூர்ச் சான்று.

இனி மாணவரின் கேள்வி. வளைவில் உள்சக்கரத்திலிருந்து வெளிச்சக்கரத்துக்கு எவ்வளவு சுமை மாறும் என்பதைக் காரின் எடை, ஈர்ப்பு மையத்தின் உயரம், சக்கர இடைவெளி, வளையும் வேகம் ஆகியவை முடிவு செய்கின்றன. வில்லும் பாரும் அந்த மொத்தத்தைப் பெரிதாகக் குறைப்பதில்லை. முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடுகின்றன. முன்புறப் பாரை இறுக்கினால் முன்பக்கம் முதலில் நழுவும்; பின்புறத்தை இறுக்கினால் பின்பக்கம். 1930களில் காடிலாக்கில் எடைகளை முன்னும் பின்னும் மாற்றிச் சோதித்த மாரிஸ் ஓலி காலத்திலிருந்து இத்துறை கற்றுவரும் பாடம், ஒரு முனையைத் தொட்டால் மறுமுனையும் மாறும் என்பதே.

ஆகவே வரிசை இது. முதலில் தேய்ந்த ரப்பர் புஷ்களும் சக்கரச் சீரமைப்பும். அடுத்து நல்ல டயர். பிறகு ஷாக் அப்சார்பர். கூம்புகளுக்கிடையே கார் நொடிக்கு நொடி திசை மாற்றும்போது உடலின் அசைவைக் கட்டுப்படுத்துவது அதுதான். நான்காவதாக ஒரே ஒரு ஆன்டி-ரோல் பார், காரின் குறை எந்தப் பக்கம் என்று கண்டபின். வில்லைக் கடைசியில் தொடுங்கள். பல போட்டிகளின் தொடக்கநிலை வகுப்புகளில் அதற்கு அனுமதியும் இல்லை. உப்புக்காற்றில் துருப்பிடிக்கும் தீவில், மழை அரித்த சாலையில் அதே காரில்தான் வீடு திரும்ப வேண்டும். தரையைத் தொடுமளவு தாழ்த்திய கார் மேம்பட்ட கார் அன்று.

இறுதியாக ஒரு வேண்டுகோள். தொழிற்சாலைகளின் ஆண்டறிக்கைகள் நூலகத்தில் இருக்கும். சோழவரத்தில் ஞாயிறு காலை ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் பூட்டிய மெக்கானிக்கின் கணக்குப் புத்தகம் அங்கே வருவதில்லை. எந்தக் காருக்கு எந்தப் பட்டையைக் கழித்தார், எதைச் சேர்த்தார் என்ற அறிவு அவரோடு போய்விடுகிறது. உங்கள் வீட்டுப் பரணில் பந்தய நிகழ்ச்சி நிரலோ, புகைப்படமோ, பட்டறைச் சிட்டையோ கிடந்தால் எடைக்குப் போடாதீர்கள். படமெடுத்து அனுப்புங்கள். தாத்தா, பெரியப்பா எவரேனும் அங்கே பானட்டைத் திறந்து நின்றிருந்தால், இந்த வாரமே அவர் அருகில் அமர்ந்து பேச்சைப் பதிவு செய்யுங்கள்.