வீட்டுக்கு ஒரு ஆள்



போன வாரம் வெளிநாட்டில் இருக்கும் என் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான்: "சார், நம்ம கண்மாயை ஜேசிபி வச்சுத் தூர்வார எவ்வளவு ஆகும்? நாங்க பத்துப் பேர் சேர்ந்து குடுத்திடுறோம்." கேட்டதும் மனசு நிறைந்தது. ஆனால் அவனுக்கு உடனே ஒரு தொகை சொல்ல முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆனைக்குட்டம் என்றால் எல்லோருக்கும் அர்ஜுனா நதி அணைதான் ஞாபகம் வரும். அணை வருவதற்கு முன்பிருந்தே இந்தப் பக்கத்து ஊர்களைக் காப்பாற்றியது கண்மாய். ஐப்பசி, கார்த்திகை மழை வரத்துக்காலில் ஓடி வந்து நிறையும். மடை வழியாக வயலுக்குப் போகும். மிஞ்சியது கலுங்கு தாண்டி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். கோடையில் வண்டி கட்டிக் கரம்பை மண் அள்ளிப் புஞ்சைக்கு அடிப்பார்கள். நிலத்துக்கு உரம் கிடைத்தது, கண்மாய்க்குத் தூரும் எடுத்தாயிற்று. வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்து கரையைப் பலப்படுத்துவார்கள். இதற்குப் பெயர்தான் குடிமராமத்து. மராமத்து என்பது அரபியிலிருந்து பாரசீகம் வழியாக வந்த சொல். பழுது பார்ப்பது என்று அர்த்தம்.

வெள்ளைக்காரன் காலத்தில் வரி வசூல் கறாராக நடந்தது, பராமரிப்பு தளர்ந்தது. 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய வேலைச் சட்டம் போட்டார்கள். வேலைக்கு வராதவர் பணம் கட்ட வேண்டும். வழக்கமாக இருந்தவரை தானாக நடந்த வேலை, தண்டனையாக மாறிய பிறகு பல ஊர்களில் ஏட்டோடு நின்றுவிட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் பொதுப்பணித்துறைக்கும், சிறியது ஊராட்சி ஒன்றியத்துக்கும் போயின. பம்புசெட் வந்ததும் கிணறு வைத்திருந்தவர் கண்மாயை மறந்தார். அந்தக் கிணற்றுக்கு ஊறுவதும் கண்மாய்த் தண்ணீர்தான் என்பதையும் சேர்த்து மறந்தார்.

காலியான இடத்தில் சீமைக் கருவேலம் வந்து உட்கார்ந்தது. அமெரிக்கக் கண்டத்து மரம். 1870-களில் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. அதைத் திட்டுவதற்கு முன், விறகாகவும் கரிமூட்டமாகவும் எத்தனை ஏழை வீட்டு உலையை அது கொதிக்க வைத்தது என்பதையும் நினைக்க வேண்டும். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை தென் மாவட்டங்களில் இதை அகற்ற உத்தரவிட்டது. இயந்திரங்கள் வந்து பிடுங்கின. ஆனால் ஆடு மாடு நெற்றைத் தின்று சாணத்தோடு விதையைப் போடும். அடுத்த மழைக்கு முளைத்துவிடும். அடுத்த வருடமும் பிடுங்க ஆள் இல்லாத கண்மாய் மறுபடி காடாகிவிடும்.

அந்த ஆளை உருவாக்கத்தான் மதுரையில் 1992-ல் வயலகம் என்ற முயற்சி தொடங்கியது. தானம் அறக்கட்டளை அதை வளர்த்தது. ஆயக்கட்டு விவசாயிகளே சங்கமாகச் சேர்ந்து, பங்குப்பணம் போட்டு, கண்மாயைச் சீர்செய்து பராமரிக்கும் ஏற்பாடு. 2017-ல் தமிழக அரசும் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளை அறிவித்தது. அதிலும் விவசாயிகள் பங்கு உண்டு.

சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டியைப் பாருங்கள். அங்கே கண்மாய்க்கு வரும் பறவைகள் பயந்துவிடக் கூடாது என்று ஊர்மக்கள் தீபாவளிக்கும் வெடி போடுவதில்லை. 1977-ல் அது வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் ஆனது. வெடியால் பிழைக்கும் நம் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு மாதிரி இருக்கலாம். அவர்கள் நம் தொழிலைப் பழிக்கவில்லை. தங்கள் கண்மாய்க்காக ஒரு சந்தோஷத்தை விட்டுக் கொடுத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது என் கதை. பல வருடங்களுக்கு முன், வரத்துக்கால் வெட்ட வீட்டுக்கு ஒரு ஆள் என்று ஊரில் தமுக்கு அடித்தார்கள். நான் போகவில்லை. "எனக்குப் பள்ளிக்கூட வேலை இருக்கு" என்று ஐம்பது ரூபாய் கொடுத்து அனுப்பினேன். அன்று என்னைப் பார்த்து இன்னும் நாலு பேர் பணம் கொடுத்தார்கள். அதற்கடுத்த வருடம் தமுக்குச் சத்தமே இல்லை. வகுப்பில் "மரம் வளர்ப்போம்" என்று உங்களைக் கட்டுரை எழுத வைத்த வாத்தியார்தான் நான்.

அதனால் அந்த மாணவனுக்கு என் பதில் இதுதான். பணம் அனுப்பு தம்பி, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். முதலில் அனுமதி வாங்குவோம். கூடவே உன் வீட்டிலிருந்து ஒரு ஆளையும் அனுப்பு. நீ ஊருக்கு வரும்போது வரத்துக்காலில் என்னோடு ஒரு தடவை நடந்து பார். புரட்டாசி முடிவதற்குள் நடந்து, எங்கெங்கே அடைப்பு என்று குறித்துவிட வேண்டும். என் வீட்டு ஆளாக இந்தத் தடவை நானே வருகிறேன். முட்டி வலி இருக்கிறது, மண்வெட்டி பிடிக்க முடியாவிட்டாலும் கருவேலங்கன்று பிடுங்க முடியும்.

யார் யார் வருகிறீர்கள் என்று கீழே சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்